ஏணியை எடுத்த கதை

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுதத் தோன்றும். என் கல்யாண மொய் நோட்டையே மாலை கழற்றின கையோடு நான்தான் கூட்டிப் பார்த்தேன். அப்பேர்ப்பட்ட நான், ஒரே ஒரு கணக்கில் கோட்டை விட்டேன். அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் அது. வீட்டில் நானும் மனைவியும் மட்டும். பதினெட்டு வருஷமாகப் பையனின் ஸ்கூல், டியூஷன், ஜுரம், மார்க் என்றே பேசிப் பழகின இரண்டு பேருக்கு, திடீரென்று பேச விஷயமே இல்லை.

“ரசம் ஊத்தட்டுமா?”

“ம்.”

இதுதான் எங்கள் ராத்திரி உரையாடல். இப்படியே விட்டால் ‘ம்’மும் போய்விடும் என்று பயந்துபோய்தான் அந்த முடிவை எடுத்தேன். ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்குவது. அதையே வீடாக மாற்றி, ரோடு இருக்கிற இடம், இல்லாத இடம் எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் போவது.

வண்டி கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் வண்டி. நிருபர் நண்பர் ஒருவர் முதலிலேயே எச்சரித்தார். “பாடியில கை வெச்சுடாதீங்க சார். 2019 ஜனவரியிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.” கம்பெனி தந்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது தீர்ப்பு. அதே வருஷம் மோட்டார் வாகனச் சட்டத்தையும் திருத்தினார்கள். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஆகவே வெட்டக் கூடாது, வெல்டிங் கூடாது. எது செய்தாலும் கழற்றி வைக்கிற மாதிரிதான் செய்யணும்.

சரி என்று எடைக் கணக்கு போட்டேன். ஏழு பேர், ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தாலும் 525 கிலோ. அதுதான் என் பட்ஜெட். நாங்கள் இரண்டு பேர் 140. கூரைமேல் விரிக்கிற கூடாரம் 60. அதைத் தாங்கும் கேரியர் 30. இரண்டாவது ஸ்டெப்னி 25. தண்ணீர் 40 லிட்டர், அதாவது 40 கிலோ. குட்டி ஃபிரிட்ஜ் 22. அதற்காக 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, 30. கேஸ் சிலிண்டர் 11. ஜாக்கி, மண்வெட்டி, கயிறு, டூல்ஸ் 40. பிளைவுட் அலமாரி 80. பாத்திரம், துணிமணி, அரிசி பருப்பு 40. மொத்தம் 518. ஏழு கிலோ மிச்சம்! ஆடிட்டர் பார்த்தால் கைகுலுக்குவார்.

கூடாரம்தான் என் பெருமை. சாயங்காலம் வண்டியை நிறுத்தி, பூட்டைத் திறந்து, ஏழடி அலுமினிய ஏணியை இழுத்தால் போதும். இரண்டு நிமிஷத்தில் மாடி ரெடி. பாம்பு வராது, தேள் வராது. வண்டிக்குள் முழுக்க அலமாரி. மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குங்க” என்றாள். அந்த ‘நல்லா இருக்குங்க’வை நான் அப்படியே வரவில் எழுதிக்கொண்டேன். அங்கேதான் தப்பு.

முதல் பயணம் கர்நாடகா. ஹம்பியில் துங்கபத்திரை, பெரிய பெரிய பாறைகள், காலையில் பனி. நான் சொர்க்கத்தில் இருந்தேன். நாலாவது நாள் பாதாமி. குடைவரைக் கோயிலுக்குப் படியேறும்போது அவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். தலைவலி. முகம் வெளுத்திருந்தது. ரொம்ப வற்புறுத்தின பிறகுதான் நீர்க்கடுப்பு இரண்டு நாளாக இருப்பதைச் சொன்னாள்.

ஒரு சின்ன கிளினிக்கில் லேடி டாக்டர். கேட்ட முதல் கேள்வியே, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதுதான். மனைவி என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் டாக்டர்.

வண்டியில் ஏறின பிறகு சொன்னாள். “சாயங்காலம் நாலு மணிக்கு மேல நான் தண்ணி குடிக்கறதில்லைங்க.”

“ஏன்?”

“குடிச்சா ராத்திரி ஏணி இறங்கணுமே. இருட்டுல, ஏழடி. எனக்கு முட்டி வலி வேற. அதான் குடிக்காமயே படுத்துடுவேன்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், இரண்டு பேருக்கு நாலு நாள் என்று பெருக்கி, நாற்பது லிட்டர் தண்ணீரைக் கிலோ சுத்தமாக எடைபோட்டு ஏற்றினவன் நான். அதில் அவள் எவ்வளவு குடித்தாள் என்பது மட்டும் என் நோட்டில் இல்லை.

“முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

“ஆசை ஆசையா பண்ணியிருந்தீங்க. எப்படிச் சொல்றது?”

ஊர் திரும்புகிற வரை நான் அதிகம் பேசவில்லை. இந்தத் தடவை ‘ம்’ என்னுடையது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் வண்டியைத் தொடவே மனசு வரவில்லை. அப்போதுதான் குந்தர் ஹோல்டார்ஃப் பற்றிப் படித்தேன். ஜெர்மன்காரர். லுஃப்தான்ஸா விமானக் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவர். 1988-ம் வருஷத்து மெர்சிடிஸ் ஜி-வேகன் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பி, மனைவி கிறிஸ்டினோடு வருஷக்கணக்கில் உலகத்தைச் சுற்றினார். 2014-ல் பயணத்தை முடித்தபோது 26 வருஷம், கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோமீட்டர் ஆகியிருந்தது. வண்டிக்கு ‘ஓட்டோ’ என்று செல்லப் பெயர். வெறும் 88 குதிரைசக்தி டீசல் என்ஜின். இதையெல்லாம் உற்சாகமாக மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தவள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தம்மா எங்க படுத்தாங்க?”

நான் குதிரைசக்தியைப் படித்தேன். அவள் அந்தம்மாவைத் தேடினாள். இதுதான் வித்தியாசம்.

தேடிப் பார்த்தேன். அந்தம்மா வண்டிக்கு உள்ளேதான் படுத்தார். பின் சீட்டை எடுத்துவிட்டு, பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் மெத்தை. கீழே சாப்பாட்டுச் சாமானும் உதிரி பாகங்களும். மேலே இரண்டு பேர். அவ்வளவுதான் ஏற்பாடு. ஹோட்டலை முடிந்தவரை தவிர்த்துவிட்டு அத்தனை வருஷமும் அந்த மெத்தையில்தான் தூங்கியிருக்கிறார்கள்.

கூடாரத்தை வாங்கின விலையில் பாதிக்கு விற்றேன். ஆசாரியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை நோட்டையும் பென்சிலையும் மனைவி கையில் கொடுத்துவிட்டு, “நீ சொல்லு” என்றேன்.

ஆசாரி விவரமானவர். வண்டியை அளப்பதற்கு முன்னால், “அம்மா, தரையில சம்மணம் போட்டு உட்காருங்க” என்று அவளை அளந்தார். இருப்பிலிருந்து உச்சந்தலை வரை 31 அங்குலம். வண்டிக்குள் தரையிலிருந்து கூரை 46. கீழே 10 அங்குலப் பெட்டி, மேலே 3 அங்குல மெத்தை. கூட்டினால் 44. இரண்டு அங்குலம் இடைவெளி. படுக்கையில் உட்கார்ந்து தலை வாரலாம், புத்தகம் படிக்கலாம். எனக்கு 34. ஒரு அங்குலம் இடிக்கும்.

“நீங்க கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க” என்றாள்.

நடு சீட்டையும் பின் சீட்டையும் மடக்கி, முன் சீட்டை முன்னால் தள்ளினால் ஆறடி நீளம் கிடைத்தது. சக்கரம் புடைத்து நிற்கிற இடத்துக்கு மேலே பலகை வருவதால் அகலமும் குறையவில்லை. ஒரு ஸ்க்ரூகூட பாடியில் ஏறவில்லை. மொத்தப் பலகையும் மூன்று துண்டு. பெல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஏழு சீட்.

ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றாள். “காய்கறி அன்னன்னிக்கு வாங்கிக்கலாம். பாலுக்குப் பவுடர் இருக்கு.” ஃபிரிட்ஜ் போனதும் அந்தப் பெரிய பேட்டரியும் தேவையில்லாமல் போயிற்று. அந்த லெட்-ஆசிட் பேட்டரியில் 100 என்று எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். 50-ஐத் தூக்கிக்கொண்டு போக 30 கிலோ. அதற்குப் பதிலாக ஆறு கிலோவில் ஒரு சின்ன லித்தியம். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், செல்போன் சார்ஜுக்கு அது தாராளம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டே ஆகணும் என்று எலக்ட்ரீஷியன் தம்பி பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது சரி. ஒயர் உரசி ஷார்ட் ஆனால், தூங்குகிற இடமே பற்றிக்கொள்ளும். விளக்கு ஸ்விட்ச் மட்டும் அவள் தலைமாட்டில்.

அடுப்பு பின்கதவில், இடுப்பு உயரத்தில், மடக்குப் பலகைமேல். தரையில் குந்தி உட்கார்ந்து சமைக்கிற வேலை இல்லை. மூடின வண்டிக்குள் அடுப்பு பற்றவைத்தால் கார்பன் மோனாக்ஸைடு. வாசனையில்லாத விஷம், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதனால் உள்ளே அடுப்பு கிடையவே கிடையாது. எதிரெதிர் ஜன்னல் இரண்டுக்குக் கொசுவலை. ராத்திரி இரண்டையும் இரண்டு விரல்கடை திறந்து வைக்கணும். இல்லையென்றால் இரண்டு பேர் விடுகிற மூச்சே விடியற்காலையில் கண்ணாடியில் தண்ணீராக வழியும்.

கடைசியாக, அவள் தயங்கித் தயங்கி நோட்டில் எழுதினது: ஐந்து கிலோ எடையில் ஒரு போர்ட்டபிள் டாய்லெட். பின்கதவைத் திறந்தால் சுற்றிலும் திரை. படுக்கையிலிருந்து காலைக் கீழே வைத்தால் போதும்.

மறுபடி கணக்கு போட்டேன். கூடாரம், கேரியர், ஸ்டெப்னி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய், அலமாரி 80 கிலோ இருந்த இடத்தில் பலகையும் பெட்டியும் 45. மெத்தைக்கும் டாய்லெட்டுக்கும் 17. மொத்தம் 339. பழைய கணக்குக்கு 179 கிலோ குறைவு. அதிலும் 115 கிலோ கூரைமேலிருந்து இறங்கினது. மேலே சுமை இருந்தால் சாய்வான பாதையில் வண்டி எப்படி ஆடும் என்பது ஓட்டினவர்களுக்குத் தெரியும். அந்த ஆட்டமே போய்விட்டது. இரண்டு பேருக்கான வசதி என்றால் சாமான் சேர்ப்பது என்று நினைத்திருந்தேன். கழிக்கக் கழிக்கத்தான் வசதி வந்தது.

ஹோல்டார்ஃப் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்டின் 2010-ல் புற்றுநோயில் இறந்துபோனார். சாவதற்குச் சில நாள் முன்னால்தான் இருவரும் முறைப்படி கல்யாணமே செய்துகொண்டார்கள். பயணத்தை நிறுத்தக் கூடாது என்பது அந்தம்மாவின் ஆசை. அவர் தொடர்ந்தார். வண்டி இப்போது மெர்சிடிஸ் மியூசியத்துக்குச் சொந்தம். அவரும் 2021-ல் போய்விட்டார். அந்தக் கடைசி நாலு வருஷம், இரண்டு பேருக்கு அளவெடுத்த மெத்தையில் அவர் எந்தப் பக்கம் படுத்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது உண்டு.

எங்கள் இரண்டாவது பயணம் குஜராத், கட்ச். தோலாவீராவுக்குப் போகிற வழியில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு. டிசம்பர் குளிர். ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு, அவர் வீட்டுப் பக்கத்துப் பொட்டலில் வண்டியை நிறுத்தினோம். தரை லேசான சரிவு. தலைப் பக்கம் மேடாக இருக்கிற மாதிரி திருப்பி நிறுத்தச் சொன்னவளும் அவள்தான்.

சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் நிமிர்ந்து. நான் குனிந்து. பையனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவள் சின்ன வயசில் தாத்தாவோடு மாட்டுவண்டியில் திருவிழாவுக்குப் போய், வண்டிக்கு அடியிலேயே வைக்கோல் பரப்பித் தூங்கின கதையைச் சொன்னாள். இருபது வருஷத்தில் நான் கேட்காத கதை.

மணி ஒன்பதரை இருக்கும். “அந்தத் தண்ணி பாட்டிலை எடுங்க” என்றாள்.

கொடுத்தேன். ஒரு டம்ளர் நிறைய ஊற்றி, மடக் மடக்கென்று குடித்து முடித்தாள். இன்னும் அரை டம்ளர் ஊற்றிக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, அவள் பக்கத்து ஸ்விட்சைத் தட்டி விளக்கை அணைத்தாள்.

கணக்கு டேலி ஆனது எனக்கு அப்போதுதான்.