பின்னால் கட்டிய வீடு

சென்ற மாதம் நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், வரும் பொங்கலுக்கு மீண்டும் ஒரு தனிப்பெட்டி அமர்த்திக்கொண்டு குடும்பங்களாகத் தாயகம் சென்று வரலாமா என்ற பேச்சு எழுந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வாறு சென்று வந்தவர்கள் உற்சாகத்துடன் கை தூக்கினார்கள். நான் ரயில்வேயில் எழுத்தர். அந்த யாத்திரையில் பெட்டியின் பொறுப்பு என் தலையில் இருந்தது. ஆகையால் அதன் சுகதுக்கங்களை உள்ளபடி எழுதித் தருமாறு ஆசிரியர் பணித்தார். சுகத்தை எழுதுவது எளிது. மற்றதை எழுத ஒரு பெரியவரின் இசைவு வேண்டியிருந்தது. அவர் மனமுவந்து அளித்துவிட்டார். எனவே மறைக்காமல் எழுதுகிறேன்.

மேல்நாட்டார் சிலர் விடுமுறை வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுவதில்லை. ஒரு சிறு வீட்டையே காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் வண்டிவீடு என்று பலரும் கூறுவது, 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவான 'வாண்டரர்' ஆகும். அதைக் கட்டுவித்தவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர். கட்டிக் கொடுத்ததோ, பிரிஸ்டல் நகரில் ரயில் பெட்டிகள் செய்துவந்த ஒரு தொழிற்சாலை! ரயில்வேக்காரனாகிய எனக்கு இச்செய்தியில் சற்றுப் பெருமைதான். ஏறத்தாழ 2 டன் எடையுள்ள அவ்வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. குறுகிய சாலையில் எதிரே வருவோரை எச்சரிப்பதற்காக, மருத்துவரின் பணியாள் ஒரு முச்சக்கர மிதிவண்டியில் முன்னே செல்வாராம்.

கார் இழுக்கும் வீட்டுக்கு வேறு தொல்லைகள் உண்டு. பின்னோக்கித் தள்ளும்போது, வீடு எப்பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கமாகச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். பாரத்தைப் பின்பக்கம் ஏற்றிவிட்டால் வேகத்தில் வீடு பாம்பைப்போல் நெளியத் தொடங்கும். பிரிட்டனில், ஓடும்போது அவ்வீட்டுக்குள் எவரும் அமர்ந்திருக்கலாகாது என்பது விதி. நாமோ ரயிலில் நம் வீட்டுக்குள் உறங்கிக்கொண்டே இழுபட்டுச் செல்கிறோம். எஞ்சின் ஓட்டும் கவலை இல்லை. வளைவு, பள்ளம், பெட்ரோல் பற்றிய சிந்தனை இல்லை. ஆனால் இழுப்பவர் வேறு, இழுபடுபவர் வேறு என்றாகிவிடுகிறது. இதில்தான் நம்முடைய இன்பம் அனைத்தும் இருக்கிறது. துன்பம் அனைத்தும் இதில்தான் இருக்கிறது.

எங்கள் பெட்டி பெரம்பூரில் கட்டப்பட்ட பழைய வகையைச் சேர்ந்தது. 72 படுக்கைகள் கொண்டது. நாங்கள் குழந்தைகள் உட்பட 68 பேர். முழுக்கட்டண முறையில் மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, முன்வைப்புத் தொகை கட்டி, எந்த ஊரில் எந்த வண்டியில் கோப்பது, எங்கே கழற்றுவது, எத்தனை மணி நேரம் நிறுத்தி வைப்பது என்று பட்டியல் தயாரித்தோம். அங்கேயே முதல் முட்டுக்கட்டை. பழைய பெட்டிகளைத் திருகுச் சங்கிலியால் பிணைப்பார்கள். இருபுறமும் தாங்கு வட்டுகள் இருக்கும். புதுவகைப் பெட்டிகளிலோ நடுவில் கை கோப்பதுபோல் பூட்டிக்கொள்ளும் இணைப்பு. ஒன்றோடு ஒன்று சேராது. பெரம்பூரில் பழைய வகைப் பெட்டி கட்டுவது 2018 ஜனவரியுடன் நின்றுவிட்டது. விரைவு வண்டிகள் ஒவ்வொன்றாகப் புதுவகைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே நாகபுரியிலிருந்து சென்னை வரையுள்ள ஏறத்தாழ 1,090 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்க எங்களுக்கு வண்டி வாய்க்கவில்லை. வழியில் ஒரு ஜங்ஷனில் கழன்று, வேறொரு வண்டியில் சேர வேண்டியதாயிற்று.

ஜனவரி 10ஆம் தேதி இரவு நாகபுரியில் எங்கள் பெட்டி வண்டியின் வால்பக்கம் சேர்க்கப்பட்டது. மஞ்சள் நிறப் பெருக்கல் குறியும், கடைசிப் பெட்டி என்பதைக் காட்டும் பலகையும், சிவப்பு விளக்கும் எங்களுக்கே உரியவை ஆயின. பெண்கள் வாசற்படி அருகில் அரிசி மாவால் சிறு கோலம் இட்டார்கள். யாரோ ஒரு சிறுவன் சாக்கட்டியால் "நம் வீடு" என்று கதவின் உட்புறம் எழுதினான். அன்று முதல் எல்லோருக்கும் அது நம் வீடு ஆயிற்று.

அவ்வின்பத்தை எவ்வாறு சொல்வேன்! சாதாரணப் பிரயாணத்தில் நாம் அந்நியர்களுக்கு நடுவே குரலைத் தாழ்த்திக்கொண்டு அமர்கிறோம். இங்கே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தமிழ். ஒரு மூலையில் பல்லாங்குழி. மற்றொரு மூலையில் சீட்டாட்டம். நடுவே, தமிழ் எழுதப் படிக்க அறியாத பிள்ளைகளுக்கு ஆசிரியை ஒருவர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்டவாளம் வளையும் இடங்களில், வாலில் இருந்த நாங்கள் சன்னல் வழியே வண்டி முழுவதையும் எஞ்சின்வரை காண முடிந்தது. ஒவ்வொரு வளைவிலும் குழந்தைகள் ஆரவாரம் செய்தனர்.

மறுநாள் பிற்பகல் அந்த ஜங்ஷனை அடைந்தபோது எங்கள் வண்டி மூன்று மணி நேரம் தாமதம். எங்களை ஏற்றுக்கொள்ள வேண்டிய சென்னை வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி மறுநாள் நண்பகலில். எங்கள் பெட்டியைக் கழற்றி, யார்டின் கடைக்கோடிப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எஞ்சின் கழன்று போன பின் உண்டாகும் மௌனம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களே அறிவர்.

பழைய வகைப் பெட்டி ஓடும்போது தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். சக்கர அச்சோடு வார்ப்பட்டையால் பிணைத்த மின்னாக்கி அடியில் சுழன்று பாட்டரியை நிரப்பும். நின்றுவிட்டாலோ சேமிப்பு கரையத் தொடங்கும். அன்றிரவு எட்டு மணிக்கு விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். பத்து மணிக்கு விளக்குகள் மங்கின. தண்ணீர்த் தொட்டியும் வற்றிவிட்டது. ஸ்டேபிள்ஸின் பணியாள் முச்சக்கர வண்டியில் முன்னே ஓடியதுபோல், நானும் அலுவலகத்துக்கும் யார்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாய் வந்து சேர்ந்தபோது இரவு பதினொரு மணி.

நான் திரும்பிப் பெட்டியில் ஏறியதும் ஒரு வாடை மூக்கில் பட்டது. நடுப்பகுதியில், இரண்டு படுக்கைகளுக்கிடையே ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதன் பின்னால் 5 கிலோ காஸ் சிலிண்டர், அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் ஒரு சிறு பாத்திரம். அரிசி மூட்டைக்குள் வைத்து நாகபுரியிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் நெடுநாள் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கையில் தீப்பெட்டி. நம் சங்கத்தின் தூண்களில் ஒருவர்; எனக்கு இவ்வூரில் குடியிருக்க வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவரே.

"தம்பி, பேரனுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. ஒரு பிடி நொய்க் கஞ்சி. பத்தே நிமிஷம். பெட்டி ஓடவில்லையே, நிற்கத்தானே நிற்கிறது?" என்றார்.

"ஐயா, நின்றாலும் தீ தீதான். வேண்டாம்" என்றேன்.

"சட்டம் பேசுகிறாயா? சட்டமா பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றும்? இது நம் வீடு, தம்பி. நம் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் மகளும் பாலுக்கு அழுதுகொண்டிருந்தாள்; என் மனைவியின் கண்களில்கூட, பத்து நிமிஷம்தானே என்ற கேள்வி தெரிந்தது. ஆபத்தான பொருளை ரயிலில் கொண்டு செல்வதைத் தடுக்கும் பிரிவு 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் இருக்கிறது என்பதும், மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை கிடைக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் அந்நேரத்தில் என் நாவில் வந்தது சட்டம் அன்று. காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படர்ந்து படுக்கைகளுக்கு அடியில் தேங்கும். சன்னல்களில் இரும்புக் கம்பிகள். நடைபாதை எங்கும் மூட்டைகள். 68 பேர், அவர்களில் பாதிப்பேர் உறக்கத்தில். இதைத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே வால்வை மூடிச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து, "ரயில்வேக்காரன் புத்தியைக் காட்டிவிட்டான்" என்று ஒரு குரல் கேட்டது.

நிலையத்துக்கு வெளியே தெலுங்கர் ஒருவரின் டீக்கடை திறந்திருந்தது. அவருக்கு என் மொழி தெரியாது. எனக்கு அவர் மொழி அரைகுறை. குழந்தை, காய்ச்சல், கஞ்சி என்று கையால் காட்டினேன். அம்மனிதர் உலையேற்றிக் கஞ்சி காய்ச்சி, பாலையும் கொதிக்க வைத்து, இரண்டு தூக்குகளில் ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். சிலிண்டரை அவரிடமே விட்டுவிட்டேன். விதிப்படி நான் இச்சம்பவத்தை மேலிடத்துக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது என் குற்றம், இன்று ஒப்புக்கொள்கிறேன்.

கஞ்சி கிடைத்தது, பேரன் பிழைத்தெழுந்தான். ஆனால் பெரியவர் யாத்திரை முடியும்வரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் நண்பகல் வண்டியில் கோக்கப்பட்டு, 13ஆம் தேதி காலை சென்னை சேர்ந்தோம். சென்ட்ரலிலிருந்து எழும்பூர் ஆட்டோவில் பத்து நிமிஷத் தொலைவு. பெட்டிக்கோ, பேசின் பிரிட்ஜ் போய், ராயபுரம் சுற்றி, கடற்கரை வழியாக வர வேண்டும். இது எவர் குற்றமும் அன்று. தண்டவாளம் அவ்வாறு அமைந்திருக்கிறது. புறநகர் வண்டிகளுக்கு நடுவே எங்களுக்கு இடைவெளி கிடைக்க அரைநாள் ஆயிற்று. காரில் இழுக்கும் வீட்டைச் சந்துக்குள் திருப்பலாம். எங்கள் வீடு இரும்புக் கோட்டை விட்டு ஓர் அங்குலம் விலகாது.

பொங்கலன்று தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எங்களில் ஒருவருடைய உறவினர் வீட்டுக் களத்தில் பானை வைத்தோம். நாகபுரியில் குக்கரில் பொங்கிய பொங்கலையே கண்டிருந்த என் மகள், மண்பானையின் விளிம்பில் பால் நுரைத்து வழிவதைக் கண்டு கைகொட்டினாள். திறந்த வெளியில் மூன்று கற்களுக்கு நடுவே எரிந்த அந்த நெருப்பைப் பார்த்தபோது எனக்கு யார்டு நினைவு வந்தது. நெருப்புக்கும் ஓர் இடம் உண்டு. அவ்விடத்தில் அது தெய்வம்.

பிறகு ராமேசுவரம். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. இருபுறமும் கடல், கைப்பிடிச் சுவர் இல்லை, வண்டி நடைவேகத்தில் ஊர்ந்தது. இரைந்து கொண்டிருந்த பெட்டி முழுவதும் தானாகவே அடங்கிற்று. பாட்டிமார் கை குவித்தார்கள். அப்பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றுவிட்டது. அருகில் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. நம் குழந்தைகள் பழையதைக் கடந்தவர்கள் என்பது அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளத் தக்க செய்தி.

இத்துடன் முடித்திருந்தால் இது இனிய யாத்திரைக் கட்டுரையாக இருந்திருக்கும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தருகே ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பற்றியது. லக்னோவிலிருந்து எங்களைப் போலவே தனிப்பெட்டி அமர்த்திக்கொண்டு வந்த யாத்திரிகர்கள். எங்களைப் போலவே வண்டியிலிருந்து கழற்றி நிறுத்தப்பட்டிருந்தார்கள். உள்ளே இரகசியமாகக் கொண்டுவந்த காஸ் சிலிண்டர். ஒன்பது பேர் மாண்டார்கள்.

அன்று மாலை என் வீட்டு வாசலில் பெரியவர் வந்து நின்றார். கையில் பேரனைப் பிடித்திருந்தார். உள்ளே அழைத்தேன். நாற்காலியில் அமர்ந்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெட்டியும் நிற்கத்தான் நின்றதாம், தம்பி" என்றார். அவ்வளவுதான். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் காபி குடித்தார்.

எனவே, மீண்டும் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை: தாராளமாகப் போகலாம். வண்டிகள் இணையும் இடங்களில் மணிக் கணக்கில் அன்று, அரைநாள் கணக்கில் இடைவெளி விடுங்கள். வழியூர்களில் உள்ள தமிழன்பர்களுக்கு முன்கூட்டி எழுதி, சூடான உணவுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நோயாளிக்கும் குழந்தைக்கும் வேண்டியதை வெந்நீர்க் குடுவைகளில் எடுத்து வாருங்கள். புறப்படும் முன் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். முதல் மூட்டையாகத் தம்முடையதை அவிழ்த்துக் காட்டுவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.

வாசலில் கோலம் இடலாம். கதவில் "நம் வீடு" என்றும் எழுதலாம். அடுப்பு மட்டும் வெளியே இருக்கட்டும்.