சொல்லத் தயங்கும் நா

நல்ல வைத்தியர் ஒருவரைக் கண்டறிந்தவர் அச்செய்தியை அயல்வீட்டாருக்கு வேலிக்கு மேலாகவே சொல்லிவிடுகின்றார். நன்கு விளையும் விதைநெல், மலிவான துணிக்கடை, பிள்ளைக்கு வாய்த்த நல்லாசிரியர் ஆகிய யாவும் எவரும் கேளாமலே சொல்லப்படுகின்றன. ஆனால் தம் உள்ளத்தைத் தாங்கி நிற்கும் கடவுளைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் வரும்போது மாத்திரம் அதே மனிதருடைய நா எழ மறுக்கின்றது. கிறிஸ்தவ நண்பர் சிலர் இதனை எம்மிடம் மனந்திறந்து சொல்லியிருக்கின்றனர். நற்செய்தியைப் பிறர்க்கு அறிவித்தல் அவர்தம் சமயத்திலே ஒரு கடமை. கடமையென்று அறிந்தும் அஞ்சுகின்றோமே என்பதுதான் அவர்களுடைய வேதனை.

சைவராகிய நாம் இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். சொல்லுகின்றவருடைய அச்சத்தைப் பற்றி அவர்களே நிறைய எழுதியுள்ளனர். கேட்கின்றவர் பக்கத்திலிருந்து எழுதுவோர் அரியர். நாமோ கேட்கின்ற பக்கத்தில் இருக்கின்றோம்.

அச்சமே அறியாதவர்கள்தாம் அக்காலத்திற் சமயத்தைப் பரப்பினார்கள் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். விவிலியம் அவ்வாறு சொல்லவில்லை. தம் குருவை அறியேன் என்று மும்முறை மறுத்த பேதுருவை முதலில் நடுங்க வைத்தவர் வாளேந்திய போர்வீரர் அல்லர். பிரதான ஆசாரியருடைய முற்றத்திலே நின்ற ஒரு வேலைக்காரப் பெண்ணே. எமது அச்சங்களும் பெரும்பாலும் அத்தகையனவே. அரசனுக்கு அஞ்சுவதிலும் பார்க்க அயலவர் ஒருவரின் புன்சிரிப்புக்கு நாம் அதிகம் அஞ்சுகின்றோம். கமாலியேலிடம் நியாயப்பிரமாணம் கற்ற பவுலும், கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது, தாம் அவர்களிடம் பலவீனத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் வந்ததாகவே குறிப்பிடுகின்றார். அச்சம் நீங்கட்டும், பின்னர் பேசுவோம் என்று அவர் காத்திருந்திருந்தால் கொரிந்துக்குச் சென்றே இருக்கமாட்டார்.

இதனை இன்னும் அணுகிப் பார்க்க விரும்புவோர் ஜோன் வெஸ்லியின் நாட்குறிப்பைப் படித்தல் நன்று. மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்தவர் என்றே அவரை நம்மவர் அறிவர். 1703ஆம் ஆண்டில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்து, ஒக்ஸ்போர்டிற் கற்று, அங்கேயே கற்பித்தவர் அவர். 1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாக் குடியேற்றத்துக்குக் கப்பலேறினார். அங்குள்ள பழங்குடி மக்களுக்குப் போதிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். 1736 சனவரி 25ஆந் திகதி நடுக்கடலிலே பெரும்புயல் அடித்தது. அலை கப்பலின்மேல் விழுந்து பெரிய பாயைக் கிழித்தது. ஆங்கிலேயர் அலறினர். உடன் பயணஞ்செய்த மொரேவிய சபையினரான ஜேர்மானியரோ தாம் தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தாமற் பாடினர். புயல் தணிந்தபின் அவர்களுள் ஒருவரிடம், நீர் அஞ்சவில்லையா என்று வெஸ்லி கேட்டார். தம்முடைய பெண்களும் பிள்ளைகளுங்கூடச் சாவுக்கு அஞ்சுவதில்லை என்று விடை வந்தது. ஊரார்க்கு உபதேசிக்கப் புறப்பட்டவர், தமக்கு அந்த உறுதி இல்லையென்பதை அன்று கண்டுகொண்டார்.

ஜோர்ஜியாவில் அவர் எண்ணியது நிறைவேறவில்லை. 1738இல் நாடு திரும்பியவர், என்னிடமே நம்பிக்கை போதாதிருக்கப் பிறர்க்கு எவ்வாறு போதிப்பேன், நிறுத்திவிடலாமா என்று மொரேவியராகிய பீற்றர் போலரிடம் கேட்டார். நிறுத்தவேண்டாம், அந்த நம்பிக்கை கைகூடும்வரை அதனையே போதித்து வாரும் என்று அவர் அறிவுரை கூறினார். வெஸ்லி முதலில் அதனைச் சொன்னது மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியிடத்தில். தூக்குமேடையை எதிர்நோக்கி இருப்பவனிடம் அலங்காரப் பேச்சு எடுபடாது. பேசுகின்றவர் தம்முடைய மதிப்பைக் காப்பாற்ற நினைக்கவும் அங்கே இடமில்லை.

மற்றுமோர் அச்சம் அவரிடம் எஞ்சியிருந்தது. அது கௌரவத்தைப் பற்றிய அச்சம். கோயிற் சுவருக்குள்ளே முறைப்படி நிகழாத போதனை ஏறத்தாழப் பாவமே என்னும் எண்ணத்தில் வளர்ந்தவர் அவர். பிரிஸ்டல் நகரத்துக்கு அருகே, கோயிலுக்கு வராத நிலக்கரித் தொழிலாளர்க்கு ஜோர்ஜ் வைற்பீல்ட் என்னும் இளங்குரு திறந்தவெளியிற் பேசிவந்தார், வெஸ்லியையும் அழைத்தார். தயங்கித் தயங்கிச் சென்ற வெஸ்லி, 1739 ஏப்ரல் 2ஆந் திகதி மாலை 4 மணிக்கு நகரத்தருகே ஒரு மேட்டில் நின்று பேசினார். ஏறக்குறைய 3,000 பேர் கேட்டனர் என்று எழுதிவைத்திருக்கின்றார். அன்று அவருக்கு வயது 35. அதன்பின் 50 ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஓயவில்லை.

அவர் மறைந்து 23 ஆண்டுகள் கழித்து, 1814இல், அவருடைய வழிவந்தோர் இலங்கைக்கும் வந்தனர். அவர்களைத் திரட்டி அழைத்துவந்த தோமஸ் கோக் வழியிற் கப்பலிலேயே உயிர் நீத்தார். யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் பாடசாலையிலே ஆறுமுக நாவலர் கற்றதும், அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியதும் நாடறிந்தவை. அதே நாவலர் 1847 திசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே தமது முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். புராணத்தைப் படித்துப் பயன் சொல்லுவதே வழக்கமாயிருந்த இடத்தில், எளிய உரைநடையில் நேருக்கு நேர் நின்று பேசுவது புதுமை. கேட்டவர் முகஞ் சுளிப்பரோ என்னும் ஐயம் 25 வயது இளைஞர் எவருக்கும் எழக்கூடியதே. ஒரு சாரார் திறந்தவெளியிற் கற்ற துணிவு மற்றொரு சாராருக்குக் கோவில் மண்டபத்திற் பயன்பட்டமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

நம் நாட்டிலே இவ்வச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. உதவிப்பொருளை ஒரு கையிலும் வேதத்தை மறு கையிலும் ஏந்தி, வறியவர் வாசலில் வந்து நிற்போர் சிலர் உளர். பசித்தவனிடம் அவ்வாறு பேசுவது வாணிகமே என்பது எமது துணிபு. அவர்கள் செய்ததற்கு, எதனையும் எதிர்பாராமற் பேச விரும்பும் எளிய நெஞ்சினர் இன்று ஈடு கட்டுகின்றனர். அவர் வாய் திறக்குமுன்னரே, மதம் மாற்ற வந்துவிட்டார் என்னும் பார்வை எதிரே நிற்கின்றது.

எம்மோடு 11 ஆண்டுகளாக ஒரே ஆசிரியர் அறையில் இருக்கும் கிறிஸ்தவ நண்பரையும் அந்தப் பார்வையே தடுத்து வைத்திருந்தது. விடைத்தாள்களையும் விலைவாசியையும் பற்றி அவர் ஓயாமற் பேசுவார். தம் சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. எம் அன்னையார் நோயுற்று ஆஸ்பத்திரியிற் கிடந்த நாட்களில் ஒரு மாலை, விறாந்தையிலே எம்முடன் உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “சேர், ஒன்று சொல்லலாமோ? கோவிக்கப்படாது” என்றார். கையில் வைத்திருந்த தேநீர்க் கோப்பை ஆடிற்று.

சொல்லுங்கள் என்றோம். அம்மாவுக்காகத் தாம் இரவுதோறும் செபிப்பதாகச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் தம் முதற் குழந்தை இறந்தபோது தாம் எதனைப் பற்றிக்கொண்டு எழுந்தார் என்பதையும் சொன்னார். அதுவரை அக்குழந்தையைப் பற்றி நாம் அறியோம். நும்முடைய கடவுள் அதனை ஏன் எடுத்துக்கொண்டார் என்று நாம் கேட்டுவிட்டோம். “எனக்குத் தெரியாது, சேர். இன்றைக்கும் தெரியாது. ஆனால் தனியாக அழவில்லை என்பது மட்டும் தெரியும்” என்றார். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பவர்களின் பேச்சை நாம் நிறையக் கேட்டிருக்கின்றோம். அவற்றுள் ஒன்றும் எம் நினைவில் இல்லை.

எம்முடைய துயரத்தைத் தாம் ஒரு வாய்ப்பாக்கிக்கொள்வதாக நாம் எண்ணிவிட்டால், இத்தனை ஆண்டு நட்பும் போய்விடுமே என்றுதான் அஞ்சியதாகப் பின்னர் சொன்னார். அந்த அச்சமே அவரை முதலில் அனுமதி கேட்கச் செய்தது. அனுமதி கேட்டமையாலேதான் நாமும் செவிகொடுத்தோம். ஆகவே அச்சத்தை முற்றாக ஒழித்துவிடும்படி அவருக்கு அறிவுரை கூற எமக்கு மனம் வரவில்லை. அன்னையார் காலமானபோது, எமது வழக்கப்படி நடந்த கிரியைகள் முடியும்வரை அவர் எங்கள் முற்றத்திலே நின்றார்.

நாம் இன்றும் திருநீறு அணிகின்றோம். அவர் ஞாயிறுதோறும் தம் கோயிலுக்குச் செல்கின்றார். அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, இடைவேளையின்போது எம் பக்கம் திரும்பி, அப்பர் சுவாமிகள் சூலைநோயோடு திருவதிகைக்கு வந்த கதையைத் தமக்குச் சொல்ல வேண்டுமென்றார். வகுப்பிற் பலமுறை சொன்ன கதைதான். ஆயினும், அது எமக்கு யாது என்பதை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியபோது, எமது குரலும் சற்றே தடுமாறிற்று. அவர் கதிரையை இழுத்து அருகிற் போட்டுக்கொண்டார்.