சுவருக்குள் போகும் வயர்



வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் கட்ட நினைத்திருப்பவர்களுக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை. உம்மாவுக்குக் காது மந்தம். அவருக்குக் கேட்கும் அளவுக்கு ஹோலில் ரேடியோவைக் கூட்டினால், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற மகன் புத்தகத்தை மூடிவிடுவான். அதனால் புது வீட்டில் ஹோலில் ஓர் அம்ப், அறைக்கு ஒரு ஸ்பீக்கர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் ஒரு குமிழ் என்று முடிவெடுத்தோம். புளூடூத் ஸ்பீக்கர் போதாதா என்று பலர் கேட்டார்கள். உம்மாவுக்கு அதைச் சார்ஜ் பண்ணவும் தெரியாது, போனோடு இணைக்கவும் தெரியாது. குமிழைத் திருப்ப யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

அப்படியென்றால் பூச்சு பூச முன் வயர் சுவருக்குள் போக வேண்டும். இரண்டு ஆசிரியர் சம்பளத்திலும் வங்கிக் கடனிலும் எழும்பும் வீடு. வர்ணம் அடித்த சுவரை இன்னொரு முறை உடைத்துப் பூசும் செலவு, வயரின் விலையை விடப் பல மடங்கு. ஆகவே கடைக்குப் போக முன் கணக்குப் பார்த்தோம்.

முதலாவது, வயரின் தடிப்பு. சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த அதே பாடம்தான். நீளம் கூடினால் தடை கூடும், குறுக்குவெட்டுப் பரப்பு கூடினால் தடை குறையும். ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு வயரின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.017 ஓம். மின் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் 20 மீற்றர் தூரத்துக்கு 40 மீற்றர் வயரைக் கணக்கில் எடுக்க வேண்டும். வயரின் தடை ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் அது 0.4 ஓம். இதன்படி 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்துக்கும், 2.5 வயர் 29 மீற்றர் தூரத்துக்கும் போதும். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் இந்தத் தூரம் பாதியாகும்.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஹோலிலிருந்து உம்மாவின் அறைக்கு நேராகப் பார்த்தால் 9 மீற்றர். வயர் ஏறி, மேலே ஓடி, இறங்கும் வழியில் நூல் பிடித்தால் 16 மீற்றர். அதற்கு 1.5 எடுத்தோம். 22 மீற்றர் வந்த பின் அறைக்கு 2.5.

இரண்டாவது, அது உண்மையில் செம்பா? நாங்கள் போன ஒரு கடையில், “எல்லாம் செம்புதான் சேர்” என்று ஒரு சுருளைக் கையில் தந்தார்கள். தடிப்புக்கு ஏற்ற பாரம் இல்லை. ஒரு இழையை பிளேட்டால் சுரண்டினோம். உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். இதன் தடை செம்பை விட ஒன்றரை மடங்குக்கு மேல், வளைத்தால் முறியவும் கூடும். சில நல்ல வயர்களில் வெளியே வெள்ளி நிறமும் சுரண்டினால் சிவப்பும் தெரியும். அது வெள்ளீயம் பூசிய செம்பு, பயப்பட வேண்டாம். ஒட்சிசன் அற்ற செம்பு என்று கூடிய விலை சொன்னாலும் மயங்க வேண்டாம். சாதாரண வீட்டில் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். எங்கள் எலக்ட்ரிஷன் தம்பி நல்ல வேலைகாரர். அவரே, “லைட் வயர் போற பைப்பிலயே இதையும் விட்டா செலவு மிச்சம்” என்றார். நாங்கள் சம்மதிக்கவில்லை. 230 வோல்ட் வயரின் உறை எலி கடித்தோ, சூட்டிலோ பழுதானால் அந்த மின்சாரம் ஸ்பீக்கர் வயரில் ஏறும். உம்மா ஒவ்வொரு நாளும் தொடப்போகும் குமிழ் அந்த வயரின் முனையில்தான் இருக்கிறது. தனி 20 மில்லிமீற்றர் பைப் போட்டோம். மின் பைப்புக்குச் சமாந்தரமாக ஓடும் இடங்களில் ஓர் அடி இடைவெளி விட்டோம், குறுக்கே போகும் இடத்தில் செங்கோணமாகக் கடக்க வைத்தோம். ஸ்பீக்கரில் இரைச்சல் வராதிருக்கவும் இது உதவும்.

வெளிநாட்டு வீடியோக்களில் சுவருக்குள் போட சீ.எல்.2, சீ.எல்.3 முத்திரையுள்ள வயர்தான் வேண்டும் என்பார்கள். அது அமெரிக்க விதி. அங்கே மரச் சட்டமும் ஜிப்சம் பலகையும் உள்ள சுவருக்குள் வெறும் வயரை ஓட்டுகிறார்கள். தீ பரவாமல் இருக்க அந்த முத்திரை. நமது கல் சுவரில், பைப்புக்குள், பூச்சுக்குக் கீழே நிலைமை வேறு. ஆனால் நமது சீலிங்குக்கு மேலேயும் மரம்தான். அங்கேயும் வெறும் வயரை விடாதீர்கள், பைப்பைத் தொடருங்கள்.

நான்காவது, ஒவ்வோர் அறைக்கும் அம்ப் இருக்கும் இடத்திலிருந்து தனி வயர். ஒரு ஸ்பீக்கரிலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டே போனால் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்கள் சமாந்தரமாகச் சேர்ந்து 2 ஓம் ஆகிவிடும். வீட்டுக்கு வாங்கும் பல அம்ப்கள் அதைத் தாங்காமல் சூடேறும்.

பூச்சுக்கு முன் மூன்று வேலை மீதம். ஒவ்வொரு வயரையும் மல்ட்டிமீற்றரால் சோதியுங்கள். பைப்புக்குள் ஒரு நைலோன் நூலை விட்டு வையுங்கள், நாளைக்கு இன்னொரு வயர் தேவைப்பட்டால் அதில் கட்டி இழுக்கலாம். அளவு நாடாவைச் சுவரில் பிடித்து ஒவ்வோர் அறையையும் போட்டோ எடுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

வீடு கட்டுகிற யாரையும் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். எலக்ட்ரிஷனோடு வாதாட அல்ல, சுவர் திறந்திருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ள.