காட்டுல கிடந்த ஏவுகணை

போலந்து செய்தி படிச்சதுலேர்ந்து மனசு ஆறல.

2022 நவம்பர் 15.
போலந்துல, உக்ரைன் எல்லையோர ப்ஷெவோடுவ் கிராமம்.
தானியம் காயவைக்கிற இடத்துல ஏவுகணை விழுந்து ரெண்டு பேர் செத்துட்டாங்க.

உக்ரைனோட வான்பாதுகாப்பு ஏவுகணையா இருக்கலாம்னு போலந்தும் நேட்டோவும் சொன்னாங்க.
எங்களது இல்லைன்னார் உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி.

அடுத்த மாசமே ரஷ்ய ஏவுகணை ஒண்ணு போலந்துக்குள்ள நுழைஞ்சு பிட்கோஷ்ச் நகரத்துக்குப் பக்கத்துக் காட்டுல விழுந்துச்சு.
2023 ஏப்ரல்ல, குதிரையில போன ஒருத்தர் கண்ணுல பட்ட பிறகுதான் மக்களுக்கே தெரிஞ்சுது.

2024 ஜூலையில, போலந்துக்கு வர்ற ஏவுகணையை உக்ரைன் வானத்துலயே வீழ்த்த முடியுமான்னு ஆராய ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டாங்க.
வீழ்த்தினாலும் சிதறல் விழறது யாரோ ஒருத்தர் வயல்லதான்.

காட்டுல விழுந்ததையே சொல்லாத அதிகாரிங்க, வயல்ல விழறதைச் சொல்லுவாங்கன்னு ஜனங்க எப்படி நம்புவாங்க?