சங்கம் வைக்காத தோட்டக்காரர்கள்... பூவால் கூடி வாழும் சங்கரன்கோவில்!

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலின் கதை, ஒரு தோட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இந்தப் பகுதி அந்தக் காலத்தில் புன்னைவனமாக இருந்ததாம். அங்கே தோட்டக் காவல் பார்த்தவர் மணிக்கிரீவன். தோட்டத்தின் ஒரு மூலையில் வளர்ந்திருந்த புற்றை அவர் வெட்டியபோது, உள்ளே இருந்த பாம்பின் வால் அறுபட்டது. பதறிப்போய்ப் பார்த்தால், பக்கத்திலேயே ஒரு லிங்கம்! அவர் ஓடிப்போய்ச் சொல்ல, உக்கிர பாண்டிய மன்னர் வந்து கோயில் எழுப்பினார் என்கிறது தலபுராணம். இன்றைக்கும் சங்கரநாராயண சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள், புற்றுமண்ணைப் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள்.

முதலில் சாமியைக் கண்டது ராஜா இல்லை, ஒரு தோட்டக்காரர். அந்த வாசம் இந்த ஊரை விட்டு இன்னும் போகவில்லை.

விடியலுக்கு முன்னே விழிக்கும் தோட்டம்

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களில் மல்லிகை, பிச்சி எனப் பூந்தோட்டங்கள் நிறைய உண்டு. வட மாவட்டங்களில் ஜாதிமல்லி என்று சொல்லும் பூவைத்தான் தென்மாவட்டங்களில் ‘பிச்சி’ என்கிறார்கள். வெள்ளை இதழின் பின்பக்கம் லேசாக ரோஸ் நிறம் ஓடியிருக்கும்.

மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தரம் போய்விடும். அதனால், இருட்டு விலகுவதற்கு முன்பே ஆட்கள் தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். காலையில் பறித்த மொட்டு சந்தைக்குப் போகும். அங்கிருந்து கடைக்கு வந்து, வாழைநாரில் சரமாகி, சாயங்காலம் யாரோ ஒருவரின் தலையில் மலரும்.

பூவுக்கு ஆயுள் ஒரே நாள். நெல்லைப்போல மூட்டை கட்டி வைத்து, விலை வரும்வரை காத்திருக்க முடியாது. பறிப்பவர், சுமந்து வருபவர், எடை போடுபவர், கட்டுபவர், விற்பவர் என்று இவ்வளவு பேரும் ஒரே பகலுக்குள் கை கோத்தால்தான் பூ பிழைக்கும். ஒரு கை விலகினாலும் அன்றைய உழைப்பு குப்பைக்குத்தான்.

விலை ஏறினாலும் கஷ்டம், இறங்கினாலும் கஷ்டம்

மார்கழிப் பனியில் மொட்டு குறையும். அதே நேரம், பொங்கலும் தை முகூர்த்தமும் நெருங்கும். சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரங்களைத் தொடும். ‘அடேங்கப்பா’ என்று நாம் வாய் பிளக்கும் அந்த நாளில், விவசாயியின் தோட்டத்தில் பறிக்கப் பூவே இருக்காது.

கோடையில் செடி பூத்துக் குலுங்கும். அப்போது விலை சரிந்துவிடும். பறிப்புக் கூலி, மருந்துச் செலவு, வண்டி வாடகை எல்லாம் போக, கையில் மிஞ்சுவது சொற்பம்தான். அதற்காகப் பறிக்காமல் விட்டால் மொட்டு செடியிலேயே மலர்ந்து உதிரும். மொட்டுப்புழு விழுந்துவிட்டால் அதுவும் இல்லை. ஆனாலும், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கடைசி வழியனுப்புதலுக்கும் ஊருக்குப் பூ வேண்டியிருக்கிறது. அதனால் தோட்டம் தொடர்கிறது.

விளைந்ததை அள்ளி வீசும் திருவிழா

இந்த உழைப்பை ஊரே சேர்ந்து கொண்டாடும் நாள், ஆடித்தபசு. அரியும் சிவனும் ஒன்றாக நிற்கும் காட்சியைக் காண, கோமதி அம்மன் தவம் இருந்ததாக நம்பிக்கை. ஆடி மாதத்தில் சங்கரநாராயணர் அம்மனுக்குக் காட்சி கொடுக்கும் நேரத்தில், ரத வீதியில் நிற்க இடம் இருக்காது. விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல், நெல் ஆகியவற்றைக் கொண்டுவந்து கூட்டத்துக்கு மேலே அள்ளி வீசுவார்கள். இதற்குச் ‘சூறை விடுதல்’ என்று பெயர். அடுத்த வருஷமும் மண் கைவிடக் கூடாது என்ற வேண்டுதல் அது.

சென்னையில் 1835-ம் ஆண்டிலேயே தோட்டக்கலைக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஊட்டியில் 1896-ல் மலர்க் கண்காட்சி ஆரம்பித்தது. சந்தா, உறுப்பினர், பரிசுக் கோப்பை என்று அது ஒரு வகைத் தோட்ட வாழ்க்கை. சங்கரன்கோவில் பூக்காரர்களுக்குப் போர்டும் கிடையாது, கோப்பையும் கிடையாது. தினமும் விடியற்காலையில் கூடுவதே இவர்களின் சங்கம்!

உங்கள் வீட்டிலும் ஒரு நந்தவனம்

இந்த வாசம் உங்கள் வீட்டுக்கும் வேண்டுமா? பெரிய தொட்டி ஒன்று, நல்ல வெயில் விழும் இடம் ஒன்று, இரண்டும் போதும். மல்லிகையில் மொட்டு புதுத் தளிரில்தான் வரும். எனவே, நவம்பர் கடைசியில் கிளைகளைப் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்து, மீதமுள்ள இலைகளையும் உருவிவிடுங்கள். தொழுஉரம் வைத்துத் தண்ணீர் விட்டு வந்தால், மார்ச் வாக்கில் மொட்டு கட்டும். தொட்டியில் தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

பிச்சிக்குக் கன்று வாங்கக் கடைக்குப் போக வேண்டிய அவசியமில்லை. தெரிந்தவர் வீட்டில் செடி இருந்தால், தாழ்வான கிளை ஒன்றை வளைத்து, பட்டையை லேசாகச் சீவி, மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். மூன்று, நான்கு மாதங்களில் வேர் பிடித்துவிடும். பிறகு தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுத்து நட்டுக்கொள்ளலாம். உங்கள் செடி பெரிதானதும், அடுத்த வீட்டுக்கு ஒரு பதியன் போட்டுக் கொடுங்கள்.

விருதுநகர் - தென்காசி ரயில் பாதையில் இருக்கிறது சங்கரன்கோவில். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கிவிடலாம். போனால், கோமதி அம்மனைக் கும்பிட்ட கையோடு, பூக்கடையில் ஒரு முழம் பிச்சி வாங்குங்கள். அன்றைக்குப் பேரம் மட்டும் வேண்டாமே!