மூழ்கி எழுந்த எம்டன்

"அவன் சரியான எம்டனாச்சே!" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. எதற்கும் அஞ்சாத, எப்போது எங்கே வந்து நிற்பான் என்று சொல்ல முடியாத ஆசாமிக்கு நாம் கொடுக்கும் பட்டம் அது. அந்த எம்டனைச் சென்ற மாதம் செங்கற்பட்டில், என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் மேல் நேருக்கு நேர் சந்தித்தேன். மூன்று புகைபோக்கிகளுடன் மேஜை முழுவதையும் ஆக்கிரமித்துக்கொண்டு கம்பீரமாக வீற்றிருந்தது. எங்களுக்குத் தரையில்தான் இலை!

"மூன்று மாதமாக இதே கதிதான். ரசம் வைத்தால்கூடப் பசை வாடை அடிக்கிறது" என்றாள் அக்கா.

அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவு. ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய நௌ சைனிக் முகாமில் படகு வலித்தல், துப்பாக்கி சுடுதல் இவற்றோடு கப்பல் மாதிரி செய்யும் போட்டியும் உண்டு. அதற்காகக் கல்லூரியில் உளி பிடிக்கக் கற்றவன், வீட்டுக்கு வந்து தன் சொந்த ஆசைக்கு இந்த எம்டனை ஆரம்பித்துவிட்டான்.

நிஜ எம்டன் 1908-ல் கடலில் இறக்கப்பட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. அதை நினைவூட்டும் கல் ஒன்று சென்னை ஹைகோர்ட்டு மதிலில் பதித்திருக்கிறது.

"கப்பலின் நீளம் 118 மீட்டர் சித்தி. 144-ல் ஒரு பங்காகச் செய்தால் 82 செண்டிமீட்டர்" என்றான் பையன்.

"அவ்வளவுதானே?" என்றேன்.

"நீளத்தில்தான் அவ்வளவு. எடையில் 144-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 30 லட்சத்தில் ஒரு பங்கு! நாலாயிரத்து இருநூறு டன் கப்பல் ஒன்றரைக் கிலோகூட நிற்காது. அதற்குள் மோட்டார், பாட்டரி, ரேடியோக் கருவி, பம்ப் எல்லாம் அடங்க வேண்டும்."

அக்காவின் சமையலறைத் தராசு பல நாட்களாகக் காணாமற் போயிருந்ததன் மர்மம் அப்போது துலங்கியது.

ரேடியோ அலையால் படகு ஓட்டுவது இன்று நேற்று வந்த வித்தையல்ல. 1898-லேயே நிகோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி நியூயார்க்கில் ஒரு தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, கையால் தொடாமலே ஓட்டிக் காட்டினார். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சில பேர் இதில் ஒரு படி மேலே போனார்கள். உலக யுத்த காலத்துக் கப்பல்களை இதே 144-ல் ஒரு பங்கு அளவில் செய்து, குளத்தில் இறக்கி, ஒன்றையொன்று சுட வைத்தார்கள். வாயு அழுத்தத்தால் பாயும் சிறு எஃகுக் குண்டுகள்தான் தோட்டா. கரையில் நிற்பவர்கள் கண்ணுக்குக் கவசக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே துளை விழுந்தால் 10 புள்ளி, நீர்க்கோட்டில் விழுந்தால் 25, கீழே விழுந்தால் 50. கப்பல் நிஜமாகவே மூழ்கும். எடுத்துத் துடைத்து, ஒட்டுப் போட்டு, மறுபடியும் சண்டைக்கு இறக்குவார்கள்.

பையன் செய்திருந்த எம்டனில் பீரங்கிகள் வெறும் மரக் குச்சிகள். ஆனால் உடம்பை மட்டும் அந்தச் சண்டைக் கப்பல்களின் முறைப்படி கட்டியிருந்தான். பிளைவுட்டில் முதுகெலும்பும் விலாவும். விலாக்களுக்கு நடுவே ஜன்னல் ஜன்னலாக வெட்டி, ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத பால்ஸா மரத் தகட்டை ஒட்டியிருந்தான். விரலால் அழுத்தினாலே உடைந்துவிடும்.

"இவ்வளவு சிரமப்பட்டுச் செய்து, உடைகிற மாதிரி எதற்கடா தகடு?"

"அடி வாங்குவதற்காகத்தான் சித்தி. அடி வாங்கிய பிறகு எப்படி மிதப்பது என்பதில்தான் சாமர்த்தியம்."

அக்கா வெடுக்கென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். படிப்பு முடிந்ததும் கடற்படையில் சேரப் போகிறேன் என்று பையன் சொல்லியிருக்கிறான். அன்று முதல் அந்த வீட்டில் கப்பல் என்ற வார்த்தையே ஆகாது!

"அம்மா ஒரே ஒரு தடவை வந்து இது தண்ணீரில் போவதைப் பார்க்கட்டும்" என்று அவன் கெஞ்சினான். திருக்கழுக்குன்றத்தில் சுவாமி தரிசனமும் உண்டு என்று நான் ஆசை காட்டியதில் அக்கா இறங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும், மடியில் எம்டனுமாக வாடகைக் காரில் கிளம்பினோம்.

திருக்கழுக்குன்றத்தில், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சங்கு தோன்றும் சங்கு தீர்த்தத்தைக் கண்டதும் பையனின் கண்கள் பளபளத்தன. "இங்கே விட்டுப் பார்க்கலாமா?" என்றான். அக்கா பார்த்த பார்வையில் எம்டன் தானாகவே பைக்குள் போய்விட்டது.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்கும் அர்ச்சுனன் தபசுக்கும் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. எங்களைப் பையன் நேரே கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்திலிருக்கும் மீனவர் குப்பத்துக்கு அழைத்துப் போனான். இந்த ஊருக்கும் போர்க்கப்பலுக்கும் பழைய உறவு. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவன், தன்னிடம் அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்காகக் கடல் கடந்து படை அனுப்பியதை இலங்கையின் சூளவம்சம் சொல்கிறது. முதல் முறை காரியம் பலிக்கவில்லை; இரண்டாம் முறைதான் மானவர்மனுக்கு முடி கிடைத்தது.

குப்பத்தில் ஒரு பெரியவர் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் அடிவயிற்றில் மேட்டை வைத்து, ரெசினைத் தடவி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இவர்தான் சித்தி என் வாத்தியார்" என்றான் பையன்.

பெரியவர் சிரித்தார். "இதெல்லாம் இப்போ வந்ததும்மா. எங்க தாத்தா காலத்திலே மசூலாப் படகு. ஆணியே கிடையாது, பலகையைத் தென்னங்கயிற்றாலே தைப்பாங்க. ஆணி அடிச்ச படகு அலையோட மல்லுக்கு நிக்கும், உடைஞ்சு போகும். தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். உள்ளே வர்ற தண்ணியை இறைச்சுக்கிட்டே கரை சேர்ந்துடலாம்."

அக்கா கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அதைக் கேட்டாள்.

அங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில் சதுரங்கப்பட்டினம். ஆங்கிலேயர் நாவில் அது 'சத்ராஸ்' ஆயிற்று. டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து மெல்லிய மஸ்லின் துணி கப்பல் கப்பலாகப் போயிற்று. கோட்டைக்குள்ளே ஒரு சிறு மயானம். கல்லில் நுணுக்கமாகச் செதுக்கிய டச்சு எழுத்துக்களின் கீழ், ஊர் திரும்பாதவர்கள் உறங்குகிறார்கள்.

இந்தக் கரைக்கு எதிரேதான் 1782 பிப்ரவரி 17-ந் தேதி ஒரு பெரிய கடற்போர் நடந்தது. ஹைதர் அலிக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக் கப்பல்களுக்குத் தலைவர் சூஃப்ரன். சென்னையிலிருந்து துரத்தி வந்த ஆங்கிலேயருக்குத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ். இரு தரப்பிலும் ஆட்கள் மாண்டார்கள். 'சூப்பர்ப்', 'எக்ஸீட்டர்' என்ற இரண்டு ஆங்கிலக் கப்பல்கள் படுகாயம் அடைந்தன. ஆனால் ஒரு கப்பலும் மூழ்கவில்லை!

"அந்தக் கப்பல்களில் தச்சர்கள் இருப்பார்கள் அம்மா" என்றான் பையன். "மேலே பீரங்கி வெடித்துக்கொண்டிருக்கும்போது கீழே இவர்கள் முளைக்கட்டையும் சுத்தியலுமாக நடந்து, துளை விழுந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டே வருவார்கள்."

"தச்சன் செத்துப்போனால்?" என்று கேட்டாள் அக்கா. பையனிடம் பதில் இல்லை.

பக்கத்திலேயே கல்பாக்கம். 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் அக்கா அங்கேதான் இருந்தாள். அத்தானுக்கு அப்போது அங்கே வேலை. சுனாமி ஊருக்குள் புகுந்தபோது யாரோ கையைப் பிடித்து மாடிக்கு இழுத்ததில் பிழைத்தாள். எதிர் வரிசையில் இருந்தவர்கள் சிலர் பிழைக்கவில்லை. அப்போது இந்தப் பையன் அவள் வயிற்றில். அதன் பிறகு அவள் கடற்கரைக்கு வந்தது இன்றுதான். அவளுடைய கோபம் கப்பல் மீதல்ல என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

திரும்பும் வழியில் பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கிட்டது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. "இங்கே விடடா" என்று அக்காவே சொன்னாள்.

எம்டன் இறங்கியது. பாட்டரி அடிவயிற்றில் கனமாக உட்கார்ந்திருந்ததால் ஆடாமல் நின்றது. ரேடியோக் கருவி காற்றுப் புகாத ஊறுகாய் டப்பாவுக்குள் பத்திரம். கையிலிருந்த பெட்டியைப் பையன் அசைத்ததும் கப்பல் நீரைக் கிழித்துக்கொண்டு ஓடி, அழகாகத் திரும்பி வந்தது.

பையன் அதைக் கையில் எடுத்து, ஒரு கோணி ஊசியை அம்மாவிடம் நீட்டினான். "குத்து அம்மா."

"ராத்திரி பகலாக நீ செய்ததை நானா குத்துவது?"

"நீதான் குத்த வேண்டும்."

அக்கா நீர்க்கோட்டுக்குக் கீழே ஒரு குத்துக் குத்தினாள். மறுபடியும் இறக்கினான். சிறிது நேரத்தில் கப்பலின் பக்கவாட்டிலிருந்து மெல்லிய நீரூற்று பீச்சியடித்தது. உள்ளே வந்த தண்ணீரைப் பம்ப் வெளியே தள்ளுகிறது! எம்டன் கம்பீரமாகச் சுற்றி வந்தது. இன்னும் இரண்டு துளைகள். அப்போதும் ஓடியது. அக்காவின் உதட்டில் ஒரு சிரிப்பின் நிழல் தெரிந்தது.

திடீரென்று நீரூற்று நின்றது. முன்பக்கம் தாழ்ந்தது. ஒரு பெருமூச்சைப் போல் குமிழி விட்டு, கால்வாயின் நடுவே எம்டன் மறைந்துவிட்டது. பையன் பெட்டியை அழுத்தி அழுத்திப் பார்த்தான். தண்ணீருக்குள் அந்த ரேடியோ அலை போகாது. மூழ்கிய கணமே உறவு அறுந்துவிடும்.

"கூப்பிட்டால்கூடக் கேட்காதா?" என்று கேட்ட அக்கா, அவன் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறு அம்மா."

நூல் கட்டிய சிவப்புத் தக்கை ஒன்று 'பொளக்'கென்று மேலே வந்து மிதந்தது. மூழ்கிய இடத்தைக் காட்டுவதற்காக இந்தக் கப்பல்களில் வைப்பது. பையன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதைக் கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தான். அவள்தான் நூலை இழுத்தாள். சேறும் பாசியுமாக எம்டன் எழுந்து வந்தது.

தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு உள்ளே பார்த்தோம். பம்பின் வாயில் ஒரு சின்னஞ்சிறு இலை அடைத்துக்கொண்டிருந்தது. மூன்று மாத உழைப்பை மூழ்கடித்தது துளையல்ல, ஓர் இலை!

காரில் வெகு நேரம் யாரும் பேசவில்லை. "நிஜ எம்டன் என்னடா ஆயிற்று?" என்று அக்கா கேட்டாள்.

"1914 நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் அடித்து நொறுக்கியது. தப்ப வழியில்லை என்று தெரிந்ததும், மிச்சமிருந்த ஆட்களைக் காப்பாற்ற வேண்டும் என்று காப்டன் கப்பலைத் திட்டில் ஏற்றிவிட்டார்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

போன வாரம் டெலிபோனில் பேசினேன். கடற்படை விஷயத்துக்கு அக்கா இன்னும் 'சரி' சொல்லவில்லை. 'கூடாது' என்றும் சொல்லவில்லை. ஆனால் வேறு ஒரு செய்தி சொன்னாள்.

"என் டீ வடிகட்டியைக் காணோம்டி."

"அவன்தான் எடுத்திருப்பான்."

"இல்லை. வலையை வெட்டிப் பம்ப் வாயில் வைத்துக் கட்டடா என்று நானேதான் கொடுத்தேன். இலை கிலை அடைக்காதே!"