வேலி போட முடியாத நிலம்

காலி வீதியில் தெற்கு நோக்கிச் செல்லும் பஸ் பம்பலப்பிட்டியைக் கடந்ததும், வலப்புறத்து ஜன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு ஒரு சிறு காட்சி விருந்து தொடங்குகிறது. கடைகளுக்கும் மாடிகளுக்கும் நடுவே ஒழுங்கைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கீற்றுக் கடல் தெரிகிறது. ஒரு கணம் நீலம், பின்னர் சுவர், மீண்டும் ஒரு கணம் நீலம். இவ்வாறு கடல் கண்சிமிட்டி வரவேற்கும் ஊர்தான் கொழும்பு ஆறாம் வட்டாரமாகிய வெள்ளவத்தை.

மாலை ஆறு மணியளவில் அந்த ஒழுங்கைகளுள் ஒன்றில் நடந்து பாருங்கள். ஒரு மாடியில் சிறுமி ஒருத்தி வீணை பயில்கிறாள். இன்னொரு வீட்டில் தோசைக்கல் சீறுகிறது. எங்கோ ஒரு பூசையறை மணி ஒலிக்கிறது. கடற்காற்று உப்பையும் ஊதுபத்தி மணத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றைத் தூக்கிவந்து கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவே நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கிறது!

ஆனால் சற்றே தலையைத் தாழ்த்திப் பார்த்தால் வேறொரு காட்சி தென்படும். படலைகளின் முன்னே வரிசையாகப் பூச்சாடிகள் இருக்கின்றன. அவை அழகுக்காக வைத்தவை அல்ல, காவலுக்காக வைத்தவை. பூச்சாடி இல்லாதவர் கருங்கல் வைத்திருக்கிறார். கல் இல்லாதவர் உடைந்த நாற்காலி வைத்திருக்கிறார். மதில்களில் "இங்கே வாகனம் நிறுத்தாதீர்" என்ற வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. மும்மொழிக் கொள்கை இவ்வளவு சிறப்பாக நிறைவேறிய இடம் நாட்டில் வேறு உண்டோ என்று எண்ணத் தோன்றும்.

உறவினர் ஒருவர் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தபோது, அத்தகைய ஒழுங்கை ஒன்றின் பூசலை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒருபுறம், பழைய தனிவீட்டில் மனைவியுடன் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மறுபுறம், எதிரேயுள்ள தொடர்மாடியின் நான்காம் மாடியில் குடியிருக்கும் இளைஞர். ஆசிரியர் தம் படலைக்கு முன்னே நான்கு பூச்சாடிகளை வைத்திருந்தார். வேலை முடிந்து களைத்து வந்த இளைஞர் அவற்றுள் இரண்டை நகர்த்திவிட்டுத் தம் காரை நிறுத்தினார்.

"தம்பி, முப்பது வருஷமாய் இந்தப் படலையிலே இருக்கிறேன்" என்றார் ஆசிரியர்.

"ஐயா, வீதி எல்லாருக்கும் பொது. உங்களிடம் கார்கூட இல்லையே! பிறகு இடம் எதற்கு?" என்றார் இளைஞர்.

ஆசிரியர் விடை கூறவில்லை. இரவு அவரே குனிந்து, தள்ளப்பட்ட சாடிகளை நேராக்கியதை மட்டும் பார்த்தேன். மறுநாள் முதல் இருவரும் ஒருவரையொருவர் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டனர்.

இதில் யார் குற்றவாளி? சற்று வரலாற்றைப் பார்த்தால், இருவருமே அல்லர் என்று கூற வேண்டியிருக்கிறது.

இந்த ஒழுங்கைகள் அமைந்த காலத்தில் இங்கே இருந்தவை ஓட்டுக் கூரையும் முன்முற்றமும் கொண்ட தனிவீடுகள். ஒரு காணியில் ஒரு குடும்பம். கார் இருந்தால் அது முற்றத்துள் நிற்கும். கடற்புறத்து ஒழுங்கைகள் புகையிரதப் பாதையோடு முடிந்துவிடும். ஆகவே அங்கே வசிப்பவரைத் தவிர வேறு வாகனம் நுழைய வேண்டிய தேவை இல்லை. பின்னர் 1983 யூலைக் கலவரம் வந்தது. பல வீடுகள் எரிந்தன. அதன்பின் போர்க்காலம் முழுவதும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் இங்கே தஞ்சம் தேடினர். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்காக வீடு வாங்கினர். தனிவீடுகள் இடிந்தன, தொடர்மாடிகள் எழுந்தன. ஒரு குடும்பம் வாழ்ந்த காணியில் இன்று பத்துக் குடும்பங்கள், இருபது குடும்பங்கள் வாழ்கின்றன. அத்துடன், கடலோரத்து மரைன் டிரைவ் வீதி திறக்கப்பட்டதும், முட்டி நின்ற ஒழுங்கைகள் ஊடுவழிகளாயின. வீடுகள் வானத்தை நோக்கி வளர்ந்தன. ஒழுங்கை மட்டும் பழைய அகலத்திலேயே கிடக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள், கட்டடம் எழுப்புவோர் அதற்கேற்ப வாகனத் தரிப்பிடம் ஒதுக்க வேண்டும் என்கின்றன. ஆயினும் ஒரு குடும்பத்துக்கு ஒரு கார் என்று கணக்கிட்டாலும், இரண்டாவது கார் எங்கே நிற்கும்? மாலையில் வரும் விருந்தினரின் வான் எங்கே நிற்கும்? விடை ஒன்றே: அயலவர் படலையில்!

இங்கே ஒரு வேடிக்கையையும் கூறலாம். நம் வீதிகளில் ஓடும் கார்களில் மிகப் பெரும் பகுதி யப்பானிலிருந்து வந்தவை. அந்நாட்டில் 1962ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் உண்டு. கார் வாங்குபவர், தம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அதை நிறுத்தத் தமக்கு இடம் இருக்கிறது என்று பொதுவாகப் பொலிசாரிடம் சான்று பெற வேண்டும். அந்தக் கார் கப்பலேறி நம்மிடம் வந்தது. அந்தச் சட்டம் மாத்திரம் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

சட்டத்தை விட்டு நம் மனத்தையும் சிறிது ஆராய வேண்டும். யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகளைப் பற்றி அறியாதார் யார்? கிடுகு வேலி ஒரு முழம் நகர்ந்தால் நீதிமன்றப் படி ஏறும் பரம்பரை நம்முடையது. ஒரு பூவரசங் கதியாலுக்காக ஒரு காணியையே விற்று வழக்காடியவர்களின் கதைகளைப் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கிறோம். ஊரை விட்டு வந்தபோது பனையையும் கிணற்றையும் விட்டு வந்தோம். வேலி போடும் மனத்தை மட்டும் விட்டு வரவில்லை. ஆனால் வீதி என்பது வேலி போட முடியாத நிலம். அதனால்தான் பூச்சாடி வைக்கிறோம்.

வெள்ளவத்தையில் இப்படியென்றால், நகரின் மறுமுனையில் எப்படி? புறக்கோட்டைக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே துறைமுகத்தை ஒட்டிச் சென்றால் கொட்டாஞ்சேனை வரும். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடமும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் விளங்கும் பழம்பதி அது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அங்கே சுவரோடு சுவராக வாழ்கின்றனர். பழைய தெருக்கள் பலவற்றில் முற்றமும் இல்லை, மதிலும் இல்லை. கதவைத் திறந்தால் வீதி. ஆகவே வீதியே முற்றம், வீதியே திண்ணை, சிறுவருக்கு வீதியே கிரிக்கெட் மைதானம். முச்சக்கர வண்டிகளும் சிறு லொறிகளும் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு நிற்கின்றன.

அங்கேயும் சண்டை உண்டு. வெள்ளவத்தையைவிட உரத்த குரலில் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு கண்டேன். வழியை மறித்து ஒரு லொறி நின்றால், அங்குள்ளவர்கள் லொறியைப் பார்த்துக் கத்துவதில்லை. அதன் சொந்தக்காரரின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். ஜன்னல் ஒன்று திறக்கிறது, சாரத்தை மடித்துக் கட்டியபடி ஒருவர் இறங்கி வருகிறார், இரண்டு வசைச் சொற்கள் பரிமாறப்படுகின்றன, லொறி நகர்கிறது. கோயில் தேரோ, திருச்சொரூபமோ தெருவில் வரும் நாள்களில், அந்த நெருக்கத்திலும் எப்படியோ வழி பிறந்துவிடுகிறது.

பெயர் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இவ்விரு ஊர்களும் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் கண்டன. 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. மறுநாள், அத்தலத்தின் அருகே நிறுத்தப்பட்டிருந்த ஒரு வானில் இருந்த வெடிபொருளைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது அதுவும் வெடித்தது. 24ஆம் திகதி, வெள்ளவத்தை சவோய் திரையரங்கின் அருகே நின்ற ஒரு மோட்டார் சைக்கிளைச் சந்தேகத்தின் பேரில் அதிகாரிகள் வெடிக்கச் செய்தனர். அதில் வெடிமருந்து எதுவும் இருக்கவில்லை. அந்த நாள்களில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் மக்கள் ஒருவரையொருவர் கேட்ட கேள்வி ஒன்றே: "இது யாருடைய வாகனம்?"

இதற்கு நேர்மாறான அனுபவம் ஒன்றும் நமக்கு உண்டு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கொழும்பில் கார்கள் நிலையத்திலிருந்து தொடங்கி வீதி வீதியாக வளைந்து, யார் யாரோ வீட்டுப் படலைகளின் முன்னே இரவு பகலாக நின்றன. அப்போது அந்த வீட்டார் பலர் சண்டைக்குப் போகவில்லை. தண்ணீரும் தேநீரும் கொண்டுவந்து கொடுத்தனர். காரணம் என்ன? அந்தக் கார்களுக்குள் மனிதர் இருந்தனர். அவர்களுடைய முகம் தெரிந்தது. பூட்டிய காருடன் பகைப்பது எளிது. அதற்குள் களைத்துத் தூங்கும் மனிதருடன் பகைப்பது அரிது.

பூசல் முற்றினால் செல்லவும் இடம் உண்டு. பிறர் வழியை அடைத்து வாகனம் நிறுத்துவது குற்றமே. அதற்குப் பொலிஸ் இருக்கிறது. அதற்கும் முன்னதாக, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. சட்டத்தரணி வேண்டியதில்லை. மத்தியஸ்தர் மூவர் இரு தரப்பாரையும் எதிரெதிரே அமர்த்திப் பேச வைக்கின்றனர். தீர்ப்பு அவர்கள் அளிப்பதன்று; நாமே கண்டடைவது. ஒரே ஒழுங்கையில் நாளையும் வாழப்போகிற இருவருக்கு, வெற்றியைவிட இணக்கமே தேவை என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

இனி, நான் தங்கியிருந்த ஒழுங்கைக்குத் திரும்புவோம். ஓரிரவு இரண்டு மணி இருக்கும். ஆசிரியர் வீட்டில் விளக்கு எரிந்தது. அவருடைய மனைவிக்கு நெஞ்சுவலி. அம்புலன்ஸ் வந்தது, ஆனால் ஒழுங்கை வாயிலிலேயே நின்றுவிட்டது. இருமருங்கும் வாகனங்கள் நிற்க, நடுவே ஒரு வெள்ளைக் கார் வழியை அடைத்திருந்தது. "யாருடைய கார்?" என்று கேட்டோம். மாடிகளில் விளக்குகள் எரிந்தன. முகங்கள் எட்டிப் பார்த்தன. ஒருவருக்கும் தெரியவில்லை. ஐம்பது குடும்பங்களுக்குக் குறையாமல் வாழும் ஒழுங்கையில், ஒரு காரின் சொந்தக்காரரை அறிந்தவர் ஒருவரும் இல்லை!

நான்காம் மாடி இளைஞர் சாரத்துடன் ஓடி வந்தார். அம்மையாரை ஒரு நாற்காலியில் அமர்த்தினோம். முன்கால் ஒன்றை அவர் பிடித்தார். மறுகாலை நான் பிடித்தேன். அம்புலன்ஸில் வந்தவர்கள் பின்னே தாங்கினர். வழியெல்லாம் ஆசிரியர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்: "இதற்காகத்தான் தம்பி, படலையடியை வெறுமையாய் வைத்திருந்தேன். இதற்காகத்தான்."

அன்று கேட்ட கேள்விக்கு அன்றே விடை கிடைத்திருந்தால் பூசல் இருந்திராது. ஆனால் நாமெல்லாரும் வெட்கப்பட வேண்டிய உண்மை வேறொன்று. ஆசிரியரின் படலைக்கு முன்னே அந்த இரவில் இடம் இருந்தது. நான்கு பூச்சாடிகளும் தம் காவலைச் சரியாகவே செய்திருந்தன. ஆனால் ஒழுங்கையே அடைபட்ட பின், படலைக்கு முன்னே இடம் இருந்து என்ன பயன்? தன் வாசலை மட்டும் காத்தவர் எவரையும் அது காக்கவில்லை.

அம்மையார் நலம்பெற்று வீடு திரும்பினார். அந்த வெள்ளைக் கார் விடியுமுன் போய்விட்டது. அதன் சொந்தக்காரர் யாரென்று இன்றுவரை தெரியாது. அதன்பின் ஒழுங்கையில் பெரிய புரட்சி எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. இளைஞர் வீடு வீடாக ஏறி இறங்கி, வாகன இலக்கம், பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதினார். அதன் பிரதி ஒவ்வொரு மாடியின் வாயிலிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியார் காரை நிறுத்தினால், கண்ணாடிக்குள் தொலைபேசி எண் எழுதிய துண்டொன்றை வைக்கும்படி கேட்கிறார்கள். ஒழுங்கையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்துவது என்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது முடிவாகச் சிறிது காலம் செல்லும் போலிருக்கிறது.

1983இல் இதே வெள்ளவத்தையில், அயல்வீட்டுச் சிங்களவரும் முஸ்லிம்களும் தங்கள் வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. அன்று அடைக்கலம் தந்தவருக்கு அடுத்த வீட்டாரின் பெயர் தெரிந்திருந்தது. இன்று நமக்கு அடுத்த கதவில் யார் என்று தெரியுமா? வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் ஒருமுறை படலையைத் திறந்து வெளியே வந்து, உங்கள் ஒழுங்கையில் நிற்கும் வாகனங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எத்தனைக்குச் சொந்தக்காரரின் பெயரை உங்களால் கூற முடிகிறது?